வெட்டிய முதல் ஒரு மணி நேரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓரத்து நிலத்தில் காய்கறி போட்டு, பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் தாங்களே விற்பவர்கள் பலர். காலையில் வெட்டிய காய் மாலையில்தான் விலையாகும். இடையில் ஏறக்குறைய பத்து மணி நேரம். காய் வெட்டிய பிறகும் மூச்சு விடுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் அது கெடும் வேகம் இரண்டு, மூன்று மடங்காகிறது. அதனால் வெயில் ஏறுமுன் வெட்டி, உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ப் பரப்பிவிட வேண்டும்.

அதிகம் அடிபடுவது வெண்டைதான். கைநிறையப் பறித்துச் சாக்கில் வீசினால் அப்போது ஒன்றும் தெரியாது. மாலையில் பாருங்கள், வரம்பு வரம்பாகக் கறுத்திருக்கும். நகம் பட்ட இடம் முதலில் கறுக்கும். காம்பைப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே நாளிதழ் விரித்த பிளாஸ்டிக் கூடையில் ஒரு சாணுக்கு மேல் உயராமல் அடுக்குங்கள். கட்டி வைத்த சாக்கின் நடுவில் நண்பகலில் கையை விட்டால் கதகதவென்றிருக்கும். காய் தன் சூட்டிலேயே வேகிறது. வெண்டையைக் கழுவவும் வேண்டாம். ஈரத்தோடு பையில் கட்டினால் அழுகல் பிடிக்கும்.

கீரையின் கதை வேறு. கிலோவுக்கு 30 முதல் 50 கிராம் நீர் போனாலே இலை தொங்கிவிடும், விலையும் இறங்கும். தண்டுக்கீரையை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேர் மட்டும் நனையும்படி சுத்தமான தண்ணீரில் நிறுத்துங்கள். கழுவும் தண்ணீர் 10 லிட்டருக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் (கிருமி கொல்லும் குளோரின் திரவம்) 20 மில்லி போதும். ஒரு நிமிடம் முக்கி நல்ல தண்ணீரில் அலசுங்கள். கலங்கிய தண்ணீரில் பிளீச் வேலை செய்யாது, மாற்றியாக வேண்டும்.

ஈரச் சாக்கு போர்த்துவது வறண்ட ஊர்களில் நன்றாகக் குளிர்விக்கும். இங்கே காற்றிலேயே ஈரம் மிகுதி. குறையும் சூடு கொஞ்சம்தான், நிழலும் காற்றோட்டமும் இல்லாமல் அதை மட்டும் நம்ப முடியாது.

விற்காமல் மிஞ்சியதைப் பானம் வைக்கும் 4 டிகிரி குளிர்பெட்டியில் போடுவதும் நட்டமே. வெண்டை, கத்தரி, வெள்ளரி மூன்றும் வெப்பநாட்டுக் காய்கள். சில நாள் அங்கே கிடந்தால் தோல் குழி விழும், கத்தரியின் விதை பழுப்பாகும், வெளியே எடுத்ததும் கொழகொழத்துவிடும். பெட்டியை 10 டிகிரிக்கு ஏற்றி வையுங்கள். துளையிட்ட பையில் கீரையும் அங்கே ஓரிரவு தாங்கும். ஆனால் அதே பெட்டியிலோ கடை மேசையிலோ பழுத்த வாழைச்சீப்பைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது விடும் எத்திலீன் வாயுவில் கீரையும் பாகற்காயும் மஞ்சளாகிவிடும்.