மாப்ள கருப்பா இருக்கலாம், பொண்ணு கருப்பா இருக்கக்கூடாதா?

நான் மதுரையில தோல் டாக்டரா இருக்கேன். ஆவணி முகூர்த்தம் நெருங்குற நேரத்துல மேலூர் பக்கத்துலருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. பொண்ணு முகத்துல சுத்தியிருந்த துப்பட்டாவை எடுத்துச்சு, கன்னம் ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு, தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் வெளிய தெரியுது, பரு, அதுக்கு மேல முடி வேற முளைச்சிருக்கு. யாரோ சொன்னாங்கன்னு மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கி நாலு மாசமா தடவிருக்கு. திருப்பிப் பார்த்தா மொமெட்டாசோன்ங்கற ஸ்டீராய்டு, நிறத்தைக் குறைக்கிற ஹைட்ரோகுயினோன், தோலை உரிக்கிற ட்ரெட்டினாயின் மூணும் கலந்தது. அது மங்குக்கு டாக்டர் பார்வையில சில வாரம் மட்டும் போடுற மருந்துங்க, கலர் வர்றதுக்கு இல்ல.

"மாப்ள கருப்புதான் டாக்டரம்மா, ஆனா பொண்ணு செவப்பா இருக்கணும்னு கேக்குறாக"ன்னு அந்த அம்மா சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சது. இதைத்தானே நம்ம சினிமா இத்தனை வருஷமா காட்டுது? கருப்பு ஹீரோவைக் கொண்டாடுறோம், அது நல்ல விஷயம், ஆனா அவரு உருகி உருகி காதலிக்கிறது எப்பவும் வெள்ளைத் தோலைத்தான். நம்மூரு வயக்காட்டுப் பொண்ணு வேஷம்னா கூட வெளிய இருந்து செவத்த நடிகையைக் கூட்டிட்டு வந்து முகத்துல கருப்பு பூசுறாங்க, அந்தக் கலர்லயே பிறந்த பொண்ணுக்கு தோழி வேஷம், இல்லன்னா கேலி பண்ற காமெடி சீன்.

ஹாலிவுட்லயும் இதே கதைதான். 1934ல இருந்து கறாரா அமலான தணிக்கை விதியில வெள்ளைக்காரங்களும் கருப்பினத்தவங்களும் காதலிக்கிறதைக் காட்டவே கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. 1937ல சீன விவசாயக் குடும்பத்தைப் பத்தி வந்த 'தி குட் எர்த்' படத்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு வேஷத்தையும் வெள்ளைக்காரங்களுக்கே மேக்கப் போட்டுக் குடுத்தாங்க, அன்னா மே வோங்னு நல்ல சீன வம்சாவளி நடிகை இருந்தும் அவங்களுக்கு நாயகி வேஷம் கிடைக்கல, நடிச்ச வெள்ளைக்கார அம்மாவுக்கு ஆஸ்கரும் கிடைச்சது. அங்க இனம் மாறி கல்யாணம் பண்றதைத் தடுத்த சட்டமே 16 மாநிலத்துல 1967 வரைக்கும் இருந்துச்சு. நமக்கு அப்படி ஒரு சட்டம் கூட கிடையாது, ஆனா பொண்ணு பாக்குற வீட்டுல அதே பேச்சுதான்.

தோலுக்கு நிறம் குடுக்குற செல்லு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், அது எவ்வளவு மெலனின்ங்கற நிறமியைச் செய்யுதுங்கறதுலதான் வித்தியாசம், நம்ம ஊரு வெயிலுக்கு அந்த மெலனின்தான் குடை. அழகர்கோவில்ல பதினெட்டாம்படி கருப்பன் முன்னாடி பொய் சொல்லப் பயப்படுற ஊரு இது, பச்சைமேனி மீனாட்சியைக் கும்பிடுற ஊரு, இங்க ஒரு பொண்ணு தன் கலருக்காக முகத்தைப் புண்ணாக்கிக்குதுன்னா எனக்குத் தாங்கல.

இந்த மாதிரி க்ரீம் போட்டுட்டு இருக்கவங்க பயந்து போய் நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, எரிச்சல் இன்னும் கூடும். வரும்போது அந்த ட்யூபைக் கையோட எடுத்துட்டு வாங்க, உள்ள என்ன மருந்துன்னு பார்த்தாதான் எப்படி விடுறதுன்னு சொல்ல முடியும்.