ஒரே இனம், வேறு வேறு கோடுகள்: லோச் மீன் வளர்ப்போர் கவனத்துக்கு

கிளவுன் லோச் என்ற பட்டை போட்ட வண்ணமீனை வாங்கிப் போனவர்கள் இரண்டொரு நாளில் திரும்ப வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அண்ணை, நாலு மீனுக்குப் பட்டை சரியாக் கிடக்கு. ஒண்டுக்கு மட்டும் நடுப்பட்டை பிளந்து கிடக்கு. இது கலப்பு மீனோ, இல்லாட்டி வருத்தமோ?” யாழ்ப்பாணத்தில் வண்ணமீன் கடையும் தொட்டிப் பராமரிப்பும் என் தொழில். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் மீனை உற்றுப் பார்த்தவர்தான் அதைக் கேட்பார். ஒன்றும் கேட்காமல் மருந்துப் போத்தலைத் திறப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பட்டை வேறு மாதிரி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, சுகமாக இருந்த மீனுக்கு மருந்து விட்டு, அந்த மருந்தாலேயே அதை இழந்த வீடுகள் உண்டு.

கிளவுன் லோச்சையே எடுத்துக்கொள்வோம். 1852இல் பிளீக்கர் என்ற டச்சு ஆய்வாளர் விவரித்த மீன் இது. இந்தோனேசியாவின் சுமாத்திரா, போர்னியோ தீவுகளின் ஆறுகள்தான் இதன் ஊர். செம்மஞ்சள் உடலில் மூன்று கரும்பட்டைகள்: ஒன்று கண்ணை ஊடறுத்துப் போகும், அடுத்தது முதுகுச் செட்டைக்கு முன்னால், மூன்றாவது வாலடியில். புத்தகப் படம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் தொட்டியில் பார்த்தால் ஒன்றுக்கு நடுப்பட்டை கீழே இரண்டாகப் பிரியும், இன்னொன்றுக்குப் பட்டையின் நடுவில் ஓட்டை விழுந்தது போல மஞ்சள் தெரியும், வேறொன்றுக்குப் பட்டைகளுக்கு இடையில் தனிப் புள்ளி ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே இனம். பிடிபட்ட தீவைப் பொறுத்தும் நிறம் கொஞ்சம் மாறும். சுமாத்திரா மீனின் வயிற்றுச் செட்டைகள் முழுக்கச் செம்மஞ்சளாக இருக்கும். போர்னியோ மீனில் அதே செட்டைகளில் கறுப்பும் கலந்திருக்கும்.

இது கலப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: அதே மீனைத் திருப்பி மற்றப் பக்கத்தையும் பாருங்கள். இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் அச்சொட்டாகப் பொருந்தாது. ஒரே முட்டை, ஒரே மரபணு, ஒரே தண்ணீர். அப்படியிருந்தும் இரண்டு பக்கமும் இரண்டு விதம். மீனின் தோலில் கறுப்பு, மஞ்சள், மினுமினுப்பு என்று வெவ்வேறு நிறக் கலங்கள் இருக்கின்றன. குஞ்சுப் பருவத்தில் இவை ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் தமக்குரிய இடத்தைப் பிடிக்கின்றன. வரிக்குதிரை மீன் (zebrafish) என்ற சிறு ஆய்வுக்கூட மீனில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. இப்படியான கோடுகளும் புள்ளிகளும் எப்படித் தாமாகவே உருவாகக்கூடும் என்பதற்குக் கணித விளக்கம் ஒன்றை ஆங்கிலேயக் கணித அறிஞர் அலன் ரியூரிங் 1952இலேயே கொடுத்துவிட்டார். தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய வித்தியாசம் முடிவில் பெரிய வித்தியாசமாகிவிடும். பட்டை இருக்கவேண்டும் என்பது இனத்தின் சொத்து. அது எங்கே பிளக்கும், எங்கே வளையும் என்பது கைரேகை போல அந்தந்த மீனுக்கே உரியது.

வயதும் கோட்டை மாற்றும். இதை அறியாமல் ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் பலர். தாய்லாந்து, மியன்மார் எல்லைப் பகுதியைச் சேர்ந்த பொட்டியா குபோட்டாய் என்ற லோச் 2004இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. குஞ்சில் வெளிர்நிறப் பொட்டுகள் பெரிதாகவும் குறைவாகவும் இருக்கும். வளர வளர அவை சிறிதாகிப் பலவாகும். குஞ்சையும் வளர்ந்த மீனையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று நம்புவது கஷ்டம். யோயோ லோச்சில் சின்ன வயதில் தெளிவாக இருக்கும் வளையமும் கவையும், பெரிதானதும் உடைந்து வலைப்பின்னல் போலாகிவிடும். நீங்கள் வாங்கிய மீன் மாறவில்லை, வளர்ந்திருக்கிறது.

மீனியல் அறிஞர்களுக்கே இது இலகுவான விடயம் இல்லை. 1831இல் கிரே விவரித்த பொட்டியா அல்மோரேயும், 1912இல் சௌதுரி விவரித்த பொட்டியா லொகாசட்டாவும் ஒரே இனமா, இரண்டா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கோட்டை மட்டும் வைத்து இனத்தைப் பிரிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே போதும். மீசைகள் எத்தனை, வாய் எப்படி, செட்டைகள் எந்த இடத்தில் தொடங்குகின்றன, செட்டைக் கதிர்கள் எத்தனை என்பவற்றை முதலில் பார்க்கவேண்டும். எங்கள் தீவின் அயிரையும் ஒரு லோச்தான், அதிலும் இதே கதைதான். திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் எடுத்த மீன்களை வைத்துத்தான் 1846இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். அதன் பக்கவாட்டுப் புள்ளிகள் ஒன்றில் தனித்தனியாக நிற்கும், இன்னொன்றில் சேர்ந்து கோடாக ஓடும். ஆண் மீனைக் கண்டுபிடிக்கவும் அந்தப் புள்ளிகளை நம்பக் கூடாது, மார்புச் செட்டையில் தடித்திருக்கும் கதிர்களைத்தான் பார்க்கவேண்டும்.

சரி, அப்படியென்றால் எதற்குத்தான் கவலைப்படவேண்டும்? மீனைப் பக்கத்து மீனோடு ஒப்பிடாமல், அதே மீனின் நேற்றைய தோற்றத்தோடு ஒப்பிடுங்கள். பிறந்ததிலிருந்து இருக்கும் வித்தியாசம் ஒன்றும் செய்யாது. திடீரென்று வந்த மாற்றத்துக்குத்தான் காரணம் தேடவேண்டும்.

அந்த மாற்றமும் எப்போதும் வருத்தம் இல்லை. லோச்சுகள் கூட்டமாக வாழ்பவை, யார் பெரியவர் என்று அடிக்கடி மோதிக்கொள்ளும். மோதும்போது உடல் வெளிறி, பட்டைகள் மங்கிச் சாம்பல் நிறமாகும். சண்டை ஓய்ந்த பிறகு நிறம் தானாகத் திரும்பிவிடும். எங்கள் வீடுகளில் பலர் விரும்பும் வெள்ளைக் கல் தரையும், மேலிருந்து அடிக்கும் கடும் வெளிச்சமும் மீனை எந்நேரமும் வெளிறியபடியே வைத்திருக்கும். அதற்கு மருந்து வேண்டாம். கருமையான மென்மணலும், ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பொந்துகளும் போதும். பக்கவாட்டில் சரிந்து படுப்பதும் இவற்றின் பழக்கம். அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பதறிப் பிடிக்கப் போனால் கண்ணுக்குக் கீழே உள்ள முள் வலையில் மாட்டிக் காயம்தான் மிஞ்சும்.

நாள் கணக்கில் நிறம் திரும்பாமல், செட்டை மடங்கி, சாப்பாட்டுக்கும் வராமல் இருந்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது, கடினத்தன்மை கூடியது. யாழ் குடாநாட்டின் வலிகாமத்தில் பல கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று அதிகமாகியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மென்னீர் ஆறுகளிலிருந்து வந்த மீனுக்கு இரண்டும் சுமை. மாரியில் சுத்தமாகப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீருடன் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது நல்லது. மார்கழி, தை இரவுகளில் தொட்டி குளிர்ந்தால் வெண்புள்ளி நோய் முதலில் பிடிப்பது கிளவுன் லோச்சைத்தான். உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகளைக் கண்டால் தாமதிக்காதீர்கள். ஆனால் லோச்சின் செதில் மிகச் சிறியது, மருந்து அதன் உடலைக் கடுமையாகத் தாக்கும். செம்பு கலந்த மருந்தைத் தவிருங்கள். மற்றவற்றையும் போத்தலில் எழுதிய அளவில் பாதியோடு தொடங்குங்கள்.

வாங்கும்போது ஒரு விடயம். கோடு வித்தியாசமாக இருந்தால் “அரிய வகை” என்று கூடுதல் விலை சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது சரியில்லை, கொடுக்காதீர்கள். உண்மையில் அருகி வருவது கோடு அல்ல, சில இனங்கள்தான். இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் வாழும் ஸீப்ரா லோச், உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் காட்டும் உலகச் செம்பட்டியலில் ஆபத்துக்குள்ளான இனமாக இருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு கோட்டிலும் ஒன்று வேண்டும் என்று பல இனங்களில் ஒவ்வொன்றாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தனியாக விடப்பட்ட லோச் ஒளிந்தே கிடந்து மெலியும். ஒரே இனத்தில் குறைந்தது ஐந்து மீன் எடுங்கள். கோட்டு வித்தியாசத்தை விரும்புபவர்களுக்கு அந்த ஐந்துக்குள்ளேயே வேண்டிய அளவு கிடைக்கும். கிளவுன் லோச் ஓரடி வரை வளரும், இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அந்த அளவுக்குத் தொட்டியும் பொறுமையும் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

மீன் வீட்டுக்கு வந்த கிழமையே இரண்டு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு சந்தேகம் வந்து கடைக்கு வரும்போது அந்தப் படத்தையும், அன்றைய படத்தையும், ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரையும் கொண்டு வாருங்கள். மருந்து தேவையா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம்.