ஒரு பேட், பதினைந்து பிள்ளைகள்: சாஃப்ட்பால் அணிக்கு எடை பார்ப்பது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) அணி தொடங்கினால், முதல் செலவு கையுறைகளுக்கே போய்விடும். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொன்று வேண்டும். மிச்சப் பணத்தில் ஒரு பேட், நல்ல வருஷமாக இருந்தால் இரண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அதையேதான் மாற்றி மாற்றிப் பிடித்தாக வேண்டும். கடையில் எடுத்துப் பார்ப்பவருக்குக் கிரிக்கெட் பேட் பழகிய கை. ஒரு கிலோவுக்கு மேல் தூக்கிய அந்தக் கைக்கு அரைக் கிலோ சாஃப்ட்பால் பேட் விளையாட்டுச் சாமானாகத் தோன்றுகிறது. "கனமா இருந்தாத்தானே சார் பந்து பறக்கும்" என்று பெரியதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அந்த வருஷம் முழுக்கப் பாதி அணி பந்துக்குப் பின்னாலேயே பேட்டை வீசிக்கொண்டிருக்கும்.

சாஃப்ட்பால் பேட்டுக்கு இரண்டு எண்கள் உண்டு: நீளம் இன்ச்சில், எடை அவுன்ஸில். ஒரு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28 கிராம். நீள எண்ணிலிருந்து எடை எண்ணைக் கழித்தால் வருவதை 'ட்ராப்' என்பார்கள். 30 இன்ச், 20 அவுன்ஸ் என்றால் ட்ராப் 10. எடை சுமார் 567 கிராம். விதிப்படி நீளம் 34 இன்ச்சையும், எடை 38 அவுன்ஸையும், பேரலின் (பந்தில் படும் தடித்த பகுதி) விட்டம் 2¼ இன்ச்சையும் தாண்டக்கூடாது. எடையில் இவ்வளவு இடம் விட்டிருப்பதால்தான் ஏமாற இடம் இருக்கிறது. மெதுவாக எறியும் ஸ்லோபிட்ச் ஆட்டத்துக்கான 26, 28 அவுன்ஸ் பேட்டும் விதிக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது உலக்கை. ஆன்லைனில் 'தற்காப்புக்கு' என்று விற்கும் பேஸ்பால் தடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவை ஆடுவதற்கே அல்ல.

பந்து எவ்வளவு வேகமாகத் திரும்பிப் போகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சரியான இடத்தில் பட்டால், பந்து வந்த வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், பேட்டின் வேகத்தைப் போல 1.2 மடங்கும் சேர்ந்து, அடித்த பந்தின் வேகமாகிறது. 70 கி.மீ. வேகப் பந்தை 80 கி.மீ. வேகத்தில் சுழலும் பேட் சந்தித்தால் 14, 96 இரண்டும் சேர்ந்து 110 கி.மீ. பந்து எறிபவர் (பிட்சர்) இன்னும் 10 கி.மீ. வேகமாக எறிந்தால் இதில் கூடுவது 2 மட்டும்தான். பேட்டின் வேகம் 10 கூடினால் 12 கூடும். கனமான பேட்டுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு சற்று உயரும் என்பது உண்மைதான். அதை 0.22 என்றும், 1.2ஐ 1.22 என்றும் வைத்துக்கொள்வோம். ஆனால் கனத்தால் சுழற்சி 80இலிருந்து 72க்கு இறங்கினால் மொத்தம் 103. கனம் கொடுத்ததைவிடப் பிடுங்கிக்கொண்டதே அதிகம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் நேரத்தில் இருக்கிறது. பெரியவர்களின் பெண்கள் ஆட்டத்தில் பிட்சரின் தட்டிலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் வரை 43 அடி, அதாவது 13.1 மீட்டர். பிட்சர் ஓர் எட்டு முன்னால் வந்துதான் பந்தை விடுகிறார். ஆக, பந்து கடப்பது 11 மீட்டர் சொச்சம், 70 கி.மீ. வேகத்தில் 0.58 நொடி. இதற்குள் பார்த்து, முடிவெடுத்து, பேட்டைக் கொண்டுவர வேண்டும். பேட்டின் கனத்தால் 0.02 நொடி பிந்தினால் பந்து 39 செ.மீ. உள்ளே வந்துவிடும். ஹோம் பிளேட்டின் அகலமே 43 செ.மீ.தான். உடம்புக்கு முன்னால் பட வேண்டிய பந்து உடம்புக்கு நேரே, கைப்பிடிக்குப் பக்கத்தில் படுகிறது. "கை ஜிவ்வுன்னு இழுக்குது சார்" என்று பிள்ளை சொல்வது இதனால்தான். அடி படும்போது பேட் முழுவதும் அதிர்கிறது. நுனியிலிருந்து 5 முதல் 7 இன்ச் உள்ளே அந்த அதிர்வு மிகக் குறைவாகக் கிளம்பும் பட்டை ஒன்று இருக்கிறது. அதை விட்டு விலகிப் பட்டால், பந்துக்குப் போக வேண்டிய ஆற்றல் உள்ளங்கைக்கு வரும். இந்தப் புகார் அடிக்கடி வந்தால் கிரிப்பை மாற்றாதீர்கள், பேட்டின் கனத்தைச் சந்தேகியுங்கள்.

இங்கே 'கனம்' என்பது தராசு காட்டும் கனம் அல்ல. மண்வெட்டியைக் காம்பின் நுனியில் பிடித்து நீட்டிப் பாருங்கள், பிறகு தகட்டை ஒட்டிப் பிடித்து நீட்டிப் பாருங்கள்: தராசுக்கு இரண்டும் ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்றல்ல. சுழற்றும்போது எடை கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு (தூரத்தை அதனாலேயே பெருக்கியதற்கு) ஏற்ப அது எதிர்க்கும். இதற்குப் பெயர் நிலைமத் திருப்புத்திறன். 30 இன்ச் பேட்டின் நுனியில் ஒரு அவுன்ஸ் சேர்த்தால் சுழற்றும் கனம் சுமார் 12 சதவீதம் ஏறும். அதே ஒரு அவுன்ஸைக் கைப்பிடி அடியிலுள்ள குமிழில் சேர்த்தால் ஒரு சதவீதம்கூட ஏறாது. எனவே '20 அவுன்ஸ்' என்று அச்சிட்ட இரண்டு பேட்கள் இரண்டு வேறு பேட்கள்.

அளந்து பார்க்கலாம், செலவில்லை. எடையை மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் போடுங்கள். அச்சிட்ட எண்ணுக்கும் இதற்கும் ஒரு அவுன்ஸ் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பிறகு பேட்டை ஒரு விரல்மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். குமிழ் நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி, கைப்பிடிக்குக் குறுக்காக ஒரு ஸ்க்ரூடிரைவர் கம்பியைச் சைக்கிள் ட்யூப் பட்டையால் அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள். அருகருகே இரண்டு பெஞ்சு போட்டு, கம்பியின் இரு முனைகளும் அவற்றின்மேல் உட்கார, பேட்டை நடுவில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒரு சாண் மட்டும் இழுத்து விட்டு, பத்து முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைப் போனில் எடுங்கள்.

கணக்கு இது: ஓர் ஆட்டத்தின் நேரத்தை (எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு, நொடியில்) அதனாலேயே பெருக்கி, எடை (கிலோவில்), 9.81, கம்பியிலிருந்து சமநிலைப் புள்ளிக்குள்ள தூரம் (மீட்டரில்) மூன்றாலும் பெருக்கி, 39.5ஆல் வகுக்க வேண்டும். 567 கிராம் பேட், தூரம் 32 செ.மீ., பத்து ஆட்டம் 14 நொடி என்று வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 0.088. எண் தனியாக எதையும் சொல்லாது. இரண்டு பேட்களை ஒரே மாதிரி கட்டி அளந்தால், எது கைக்கு இலேசு என்று சந்தேகமில்லாமல் சொல்லும். கம்பி வழுக்கினாலோ ரொம்ப அகலமாக ஆடவிட்டாலோ கணக்கு கெடும். மூன்று தடவை எடுத்து, ஒத்துவராததைத் தள்ளுங்கள்.

பொதுப் பேட்டைத் தேர்ந்தெடுக்கும் சூட்சுமமும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. கையை 4 செ.மீ. மேலே ஏற்றிப் பிடித்தால் சுழலும் மையம் பேரலுக்கு அருகே போகும். மேற்படி பேட்டில் சுழற்றும் கனம் 15 சதவீதம் குறையும். பேட்டிலிருந்து 85 கிராமைச் சுரண்டி எடுத்ததற்குச் சமம். இழப்பது எட்டும் தூரத்தில் 4 செ.மீ., பிளேட்டுக்குக் கொஞ்சம் நெருங்கி நின்றால் அதுவும் சரியாகிவிடும். ஆகவே சிறிய பிள்ளைகள் ஏற்றிப் பிடிக்க வசதியான பேட்டாகப் பாருங்கள்: எடை நுனியில் குவியாதது, கைப்பிடி நீளமாக ஒரே பருமனில் போவது, கிரிப் மேலே வரை சுற்றியது. விதி கிரிப்பை 10 இன்ச்சுக்குக் குறையாமல், குமிழ் நுனியிலிருந்து 15 இன்ச்சைத் தாண்டாமல் கேட்கிறது. 15ஐ ஒட்டி இருப்பது நல்லது. கிரிக்கெட் ரப்பர் கிரிப்பை இதன்மேல் ஏற்றாதீர்கள். கைப்பிடி தடித்தால் சின்ன உள்ளங்கை பிடியை இறுக்க வேண்டிவரும், இறுகிய மணிக்கட்டு வேகமாகத் திரும்பாது. வேர்வைக்கு மெல்லிய டென்னிஸ் கிரிப் போதும்.

எந்த எண்ணை வாங்குவது? 14 வயதுக்குட்பட்ட அணிக்கு ஒன்றே ஒன்று என்றால் 30 இன்ச், 19 அல்லது 20 அவுன்ஸ். சராசரி உயரத்துக்கு வாங்கக்கூடாது. அணியின் சிறிய பாதி சுழற்றக்கூடியதை வாங்க வேண்டும். வளர்ந்த பிள்ளை இலேசான பேட்டில் இழப்பது கொஞ்சம், சிறிய பிள்ளை கனமான பேட்டில் இழப்பது ஆட்டத்தையே. இரண்டு வாங்க முடிந்தால் ஒரே அளவில் இரண்டு வேண்டாம். 29ம் 32ம் வாங்குங்கள். கடைசிச் சோதனை எளிது: பேட்டின் அடியைப் பிடித்து, கையைப் பக்கவாட்டில் நீட்டித் தரைக்கு இணையாக 20 நொடி நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குள் நுனி தாழ்ந்தால் அந்தப் பிள்ளை ஏற்றிப் பிடிக்க வேண்டியவள். அணியில் பாதிப்பேருக்குத் தாழ்ந்தால் பேட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பொதுப் பேட்டுக்கு அலுமினியக் கலவைதான் சரி. காம்போசிட் (இழைகளும் பிசினும் சேர்ந்த) பேட்டின் பேரல் பந்தை இன்னும் நன்றாக உந்தும். பந்து நசுங்கி வீணாக்கும் ஆற்றலில் ஒரு பங்கை மெல்லிய சுவர் உள்வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் பதினைந்து பேர் தலைக்கு முப்பது பந்து அடித்தால் ஒரு மாலையிலேயே 450 அடி. அடிக்க அடிக்க இழைகள் தளர்ந்து, ஒரு கட்டத்தில் காம்போசிட் விரிசல் விடும். அலுமினியம் பள்ளம் விழுந்து மெதுவாகச் சாகும், கண்ணுக்கும் தெரியும். அதிலும் ஒவ்வொரு அடிக்கும் பேட்டைக் கால் சுற்று திருப்பிப் பிடிக்கப் பழக்கினால் ஒரே பக்கம் தட்டையாகாது.

டெல்டா மண்ணில் பேட் கெடும் வழிகள் தனி. சித்திரை, வைகாசியில் வண்டல் களி செங்கல்லாக இறுகிவிடும். அடிக்கும் முன் பேட் நுனியைத் தரையில் தட்டும் கிரிக்கெட் பழக்கத்தால் நுனி மூடி தளரும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப் புல்லில் உருண்ட தோல் பந்து நீர் குடித்துக் கனக்கும். 12 இன்ச் சுற்றளவுள்ள பந்தின் விதி எடை 178 முதல் 198 கிராம். நனைந்த பந்தைத் தராசில் போட்டு, 200ஐத் தாண்டினால் எறிந்து பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பந்தை இந்தப் பேட்டால் அடிக்கவே விடாதீர்கள், மெல்லிய சுவர் அதற்கானதல்ல. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று கீறல் வழியே அலுமினியத்தை அரிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்துப் பையில் போட வேண்டும்.

வாரம் ஒருமுறை பேட்டைக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் நுனி மூடியின் பசை உடைந்திருக்கிறது. நுனி மூடியை ஒட்டியும், பேரல் கைப்பிடியாக ஒடுங்கும் இடத்திலும் நகத்தை ஓட்டுங்கள்; நகம் மாட்டினால் விரிசல். 57.2 மி.மீ. துளையுள்ள வளையம் ஒன்றை லேத்துப் பட்டறையில் செய்து வைத்துக்கொண்டால், பேரல் உப்பிவிட்டதா என்பதும் தெரியும். வளையத்தில் நுழையாத பேட் போட்டிக்கு ஆகாது. விரிசல் விட்டதைத் தனிப் பயிற்சிக்குக்கூட வைக்காதீர்கள்: பேரல் பிய்ந்துகொண்டு பறந்தால், முதலில் படுவது எதிரே நிற்கும் பிட்சர்மேல்தான்.