நகரும் கிரஷர், நகராத தண்ணீர்க் குழாய்

ஆந்திராவின் கூடூர், சைதாபுரம் வட்டாரம் ஒரு காலத்தில் மைக்காவுக்காகத் தோண்டிய பூமி. இப்போது அதே குழிகளிலும் பழைய கழிவு மேடுகளிலும் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்களை எடுக்கிறார்கள். டைல்ஸ், கண்ணாடி, பீங்கான் எல்லாவற்றுக்கும் ஃபெல்ஸ்பார் வேண்டும். திருத்தணி, ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வரும் நம் ஆட்களும் இங்கே உண்டு. சுரங்கப் பாதுகாப்பு என் தொழில். அவர்களையும் அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் குழியிலிருந்து டிப்பரில் ஏற்றி, ஒரே இடத்தில் நின்று கல் உடைக்கும் கிரஷருக்குக் கொண்டுபோவார்கள். இப்போது செயின் சக்கரத்தில் நகரும் ஜா கிரஷர் (இரும்புத் தாடைகளுக்கு நடுவில் கல்லை நொறுக்கும் மிஷின்) குழி ஓரத்துக்கே வந்துவிடுகிறது. பின்னாலேயே சல்லடை வண்டியும் வருகிறது. டீசல் மிச்சம், லோடு அடிக்கிற செலவு மிச்சம். முதலாளிக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிஷினை இடம் மாற்றும் நாளில் தண்ணீர்த் தொட்டி, பம்பு, பெல்ட் மூடி, தூசித் திரை எல்லாம் பழைய இடத்திலேயே கிடக்கும். "நாளைக்கு எடுத்துட்டு வந்துடலாம் சார்" என்பார்கள். அந்த நாளை வருவதற்குள் கிரஷர் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும்.

"இது ஃபெல்ஸ்பார்தானே, சிலிகா தூசி எங்கே வரும்?" என்று பலர் கேட்கிறார்கள். பாதி உண்மை. ஃபெல்ஸ்பாருக்குள் இருக்கும் சிலிகா வேறு தனிமங்களோடு பிணைந்தது. ஆனால் இங்கே ஃபெல்ஸ்பார் தனியாகக் கிடைப்பதில்லை, படிக சிலிகாவேயான குவார்ட்ஸோடு பின்னிக்கொண்டுதான் கிடைக்கிறது. குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். தட்டையாக உடைந்து, வெயிலில் திருப்பினால் பளிச்சென்று மின்னும் முகம் ஃபெல்ஸ்பார். அதன் நடுவிலேயே உடைந்த பாட்டில் சில்லு போல வளைந்து, சாம்பல் நிறத்தில் தெரிவது குவார்ட்ஸ். ஜா கிரஷருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே நொறுக்கும்.

அதில் வரும் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூசி கொஞ்ச நேரத்தில் தரையில் படிந்துவிடும். நுரையீரலின் கடைக்கோடி வரை போவது கண்ணுக்குத் தெரியாத தூசி, பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. படிக சிலிகாவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் கொண்டுவந்த வரம்பு, 8 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம். எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள்.

கிரஷர் வாயை விட சல்லடையில்தான் தூசி அதிகம் கிளம்புகிறது. கல் காய்ந்து, மெல்லிய படுகையாகக் குலுங்கும் இடம் அது. ஆனால் அங்கேதான் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். "ஈரமா போனா வலை அடைச்சுக்குது சார், வாங்குறவங்க ஈரத்துக்கு எடை கழிக்கிறாங்க" என்பார் ஆபரேட்டர். அவர் சொல்வது பொய்யில்லை. ஈரமான பொடி வலைக் கண்ணை அடைக்கத்தான் செய்யும். அதனால் சல்லடையில் தண்ணீர் கொட்டச் சொல்லி நான் சண்டை போடுவதில்லை. அதற்கு முன்னால் நனைக்கச் சொல்கிறேன். பொக்லைன் அள்ளுவதற்கு முன் குழியிலேயே குவியலை லேசாக நனைக்கலாம். ஜா வாயிலும் பெல்ட்டிலிருந்து கல் விழும் இடத்திலும் பனி போன்ற மெல்லிய தெளிப்பு போதும். பெரிய துளி கல்லை நனைக்குமே தவிர, மிதக்கும் தூசியைப் பிடிக்காது. சல்லடைக்குத் தண்ணீர் வேண்டாம், ரப்பர் ஷீட்டோ தார்ப்பாயோ போட்டு நாலு பக்கமும் மூடுங்கள். கன்வேயர் முனையைக் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கி வையுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் காற்று தூசியை அள்ளிக்கொண்டு போகும்.

தண்ணீர்ப் பம்பு ஓடாமல், கிரஷருக்குள் கல்லைத் தள்ளும் ஃபீடர் ஓடாதபடி எலக்ட்ரீஷியனை வைத்து இணைத்துவிடுவது இன்னும் நல்லது. அப்போது தொட்டியும் பம்பும் மிஷினோடு தானாகவே இடம் மாறும்.

அடுத்தது காற்று. இந்த வட்டாரத்துக்குக் கடல் தூரமில்லை. காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று பல நாள் மதியத்துக்கு மேல் கடல் காற்றாகத் திரும்பிவிடும். காலைக் காற்றை மட்டும் பார்த்து மிஷினுக்கு இடம் பிடித்தால், மத்தியானம் தூசி முழுக்கக் கல் பொறுக்கும் கொட்டகைக்குள் போகும். அங்கே உட்கார்ந்து சுத்தியலால் தட்டி ஃபெல்ஸ்பார் தனி, குவார்ட்ஸ் தனி, மைக்கா தனி என்று பிரிப்பவர்களில் பெண்கள் அதிகம். முந்தானையை மூக்கில் சுற்றியிருப்பார்கள். அந்தத் துணி மண்ணைத் தடுக்கும், நான் சொல்லும் தூசியைத் தடுக்காது. குறைந்தபட்சம் என்95 மாஸ்க், அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். அதை விடப் பெரிய பாதுகாப்பு கொட்டகையை மிஷினுக்கு வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போடுவது. செலவு என்று பார்த்தால் நாலு மூங்கிலும் ஒரு நாள் கூலியும்தான்.

துணியிலும் உடம்பிலும் படிந்த தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தட்டும் பழக்கம் எல்லாக் கிரஷரிலும் இருக்கிறது. ஷிஃப்ட் முழுக்கத் தவிர்த்ததை ரெண்டு நிமிஷத்தில் உள்ளே இழுக்கிற வேலை அது. பெல்ட்டுக்கு மேலே தொங்கும் காந்தத்தில் ஒட்டிய டிரில் துண்டு, போல்ட்டை ஓடும்போதே கையால் எடுப்பதும் இதே ரகம். டைலில் இரும்புப் புள்ளி விழக் கூடாது என்று காந்தம் வைத்தார்கள், சரி. அதைச் சுத்தம் செய்ய என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

2025 பிப்ரவரியில் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா, பாரைட் நான்கையும் மத்திய அரசு சிறு கனிமப் பட்டியலிலிருந்து எடுத்துப் பெருங்கனிமமாக்கியது. அனுமதி, ராயல்டி பற்றிய பேச்சு எங்கும் கேட்கிறது. தொழிலாளி உடம்பைப் பற்றிய சட்டம் அதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது. சுரங்க விதிகளின்படி வேலைக்குச் சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை, பிறகு குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி. சிலிகோசிஸ் (சிலிகா தூசியால் நுரையீரல் தழும்பாகி இறுகும் நோய்) தெரியவந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? இருமல், மூச்சு வாங்கல் என்று ஆள் ஊருக்குத் திரும்புகிறார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. காசநோய் என்று மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். சிலிகா தூசி பட்டவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் சந்தேகம் நியாயமானதே. ஆனால் மாத்திரை முடிந்தும் மூச்சு வாங்கினால், "கல் கிரஷர்ல இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் உதவும்.

1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலில் சிலிகோசிஸ் இருந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று காட்ட வேண்டும். மொபைல் கிரஷரில் கான்ட்ராக்டர் மாறுவார், குழி மாறும், வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறதென்றே தெரியாது. அதனால் ஒவ்வொரு புது இடத்திலும் குத்தகைப் பலகை, கூலிச் சீட்டு, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.