புகைப்பட மூலையில் பதிந்த தேதி மட்டும் சாட்சியாகாது

காட்பாடியில் மனைத் தகராறு என்றாலும், பாலாற்றங்கரையில் வெள்ளம் புகுந்த கடைக்கு இழப்பீடு என்றாலும், வேலூர் நீதிமன்றத்துக்கு வரும் கட்சிக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவது புகைப்படங்களைத்தான். வலது மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதியும் நேரமும் இருந்தால் அதற்கு மேல் கேள்வியே இல்லை என்று நம்புகிறார்கள். கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

அந்த எழுத்து கேமராவின் கடிகாரம் சொன்னது. கடிகாரம் தவறினால் எழுத்தும் தவறு. பல கேமராக்களில் கடிகாரத்துக்கென்று உள்ளே ஒரு சிறு பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியைக் கழற்றி நீண்ட காலம் பீரோவில் வைத்திருந்தால் அதுவும் தீர்ந்து, தேதி பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். நான் நடத்திய ஒரு வழக்கில், மதில் சுவரை இடித்த படத்தில் இரவு ஒன்பது மணி என்று பதிந்திருந்தது. படத்திலோ வெயில் சுள்ளென்று அடித்தது. முற்பகல், பிற்பகல் மாறிப்போனதுதான் காரணம். ஆனால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்த ஒரு படத்தை வைத்தே மற்ற படங்கள் அனைத்தின் மீதும் சந்தேகத்தை ஏற்றிவிட்டது. சுவர் இடிக்கப்பட்டது என்னவோ உண்மை.

அதனால் படம் எடுக்கும் முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். 24 மணி நேரக் கணக்கே நல்லது. 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று யாரும் கேட்காதபடி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வையுங்கள். எடுத்த பிறகுதான் தவறு தெரிந்ததா? கோப்பில் உள்ள தேதியைத் திருத்தவே திருத்தாதீர்கள். அதே கேமராவில் உங்கள் கைபேசியின் கடிகாரத்தை ஒரு படம் எடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்பது அதிலேயே பதிவாகிவிடும். பிரமாண வாக்குமூலத்தில் அதை விளக்கிக்கொள்ளலாம்.

படத்தின் மேல் தெரியும் எழுத்தைவிட முக்கியமானது, கோப்புக்குள் கேமரா தானாக எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவல். எடுத்த நேரமும் கேமரா மாடலும் அதில் இருக்கும். அதையும் மென்பொருளால் மாற்ற முடியும் என்பதால் அது மட்டுமே முடிவான சாட்சியம் அல்ல. ஆனால் அது அழிந்துபோன படம் மேலும் பலவீனமாகிவிடுகிறது. கணினியில் கோப்பின் மேல் காட்டும் தேதியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகலெடுத்தாலோ திருத்திச் சேமித்தாலோ அது மாறக்கூடியது.

படத்தின் மேல் தேதி முத்திரை வேண்டுமென்றால் நகலில் பதியுங்கள். இர்ஃபான்வியூ போன்ற இலவச மென்பொருள், எக்ஸிஃப் நேரத்தைப் படித்து நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே மூச்சில் அச்சிட்டுத் தரும். கேமராவிலேயே பதியவிட்டால் சுவரின் விரிசலோ சர்வே கல்லோ எழுத்துக்கு அடியில் மறைந்துபோகலாம். பிறகு அந்த எழுத்தை நீக்க வழியில்லை. ஃபிலிம் காலத்தில் நெகட்டிவைப் பத்திரப்படுத்தியதுபோல மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு இதை இன்னும் கட்டாயமாக்குகிறது. மின்னணுப் பதிவோடு தரவேண்டிய சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று தாக்கல் செய்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறிவிடும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ் சான்றிதழ் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னதை 2020இல் மீண்டும் உறுதிசெய்தது.

எனவே வழக்கறிஞருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எக்ஸிஃப் தகவலையும் நீக்கிவிடுகிறது. அவசரமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். இல்லையேல் கேமராவையும் கார்டையும் கையோடு கொண்டுவாருங்கள், வழக்கு முடியும்வரை அந்தக் கார்டில் வேறு படம் எடுக்க வேண்டாம்.