பூட்டை விடுவிக்கவும் நினைவகம் வேண்டும்

மொரீஷியசில் டிசம்பர் வந்துவிட்டால் சம்பள மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தூக்கம் குறைவு. பதின்மூன்றாம் மாதச் சம்பளக் கணக்குக்காகப் பல நிரல்கள் ஒரே பதிவுக் கோப்பில் கைவைக்கும். ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுக்காதிருக்க, ஒவ்வொரு நிரலும் தான் தொடும் பகுதியைப் பூட்டி, வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். இங்கே எபென் நகரில் என் மேசைக்குச் சரிபார்க்க வரும் நிரல்களில், பூட்டும்போது கிடைக்கும் விடையை, அதாவது வெற்றியா பிழையா என்பதை, எல்லாரும் பார்க்கிறார்கள். விடுவிக்கும்போது கிடைக்கும் விடையை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. விடுவிப்பதில் என்ன தோல்வி வந்துவிடும் என்ற நினைப்புதான். வரும்.

ஒரு நிரல் 0 முதல் 999 வரையிலான பைட்டுகளைப் பூட்டியிருக்கிறது என்று கொள்வோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை ஒரே ஃபைல் லாக் அமைப்பில் (பூட்டின் விவரம் தாங்கும் சிறு நினைவகத் துண்டில்) குறித்து வைக்கும். நடுவில் 400 முதல் 499 வரை மட்டும் விடுவித்தால் இரு பக்கமும் துண்டுகள் மிஞ்சுகின்றன. குறிக்க இரண்டு அமைப்புகள் வேண்டும். அதற்கு நினைவகம் கிடைக்கவில்லை என்றால் பிழை எண் 37 திரும்பும், பழைய பூட்டு முழுதாக அப்படியே இருக்கும். விட்டுவிட்டதாக எண்ணி உங்கள் நிரல் நகர்ந்துவிடும். அடுத்த நிரல் வாசலில் நிற்கும்.

கர்னலுக்குள் பூட்டுப் பட்டியலைக் காப்பது ஸ்பின்லாக் என்ற உள்பூட்டு; அது கிடைக்கும்வரை மற்றவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது, அதாவது வேலையை நிறுத்திக் காத்திருக்கக் கூடாது. நினைவகம் கேட்டாலோ, தட்டுப்பாட்டில் தூங்க நேரலாம். ஆகவே கர்னல் ஸ்பின்லாக்கைப் பிடிப்பதற்கு முன்பே இரண்டு அமைப்புகளை வாங்கி வைத்துக்கொள்கிறது. மிஞ்சியதை ஸ்பின்லாக்கை விட்ட பிறகே திருப்பித் தருகிறது. நம் நிரல்களிலும் மியூடெக்சுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டுக்குள்) நுழைந்த பின், நினைவகம் கேட்கும் மாலாக்கை அழைப்பவர்கள் இந்த ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறிய ஒதுக்கீடு லினக்சில் தோற்பது அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறை வழியாகப் பகிரப்பட்ட கோப்பில் வேறு காரணங்களுக்காகவும் அதே 37 வரக்கூடும். எப்படியானாலும் விடையைப் பாருங்கள்.

முடிந்தால் தொடக்கம் 0, நீளம் 0 என்று கொடுத்து முழுக் கோப்பையும் விடுவியுங்கள். நீளம் 0 என்றால் கோப்பின் கடைசிவரை. பிளக்க எதுவும் இல்லாததால் கர்னல் புதிய அமைப்பே கேட்பதில்லை. கோப்பை மூடினாலும் பூட்டு போய்விடும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்: அதே நிரலில் ஏதோ ஒரு நூலகம் அதே கோப்பைத் தனியாகத் திறந்து மூடினாலும் எல்லாப் பூட்டுகளும் சேர்ந்து பறிபோகும். இந்தத் தொல்லைக்கு 2014இல் வெளிவந்த லினக்ஸ் 3.15இன் ஓஎஃப்டி பூட்டுகள் (நிரலுக்கு அல்லாமல், கோப்பைத் திறந்த அந்தத் திறப்புக்கே உரிய பூட்டுகள்) மருந்து.