ஒரு நிமிட பேட்ச், ஒரு மாத மருந்து

கையில் முள் தைத்து, பிடுங்கும்போது முனை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டால் எவ்வளவு தொல்லை! தோலில் ஒட்டி, குட்டிக் குட்டி ஊசிகளால் மருந்தை உள்ளே செலுத்தும் பட்டைதான் நுண்ணூசி பேட்ச். அந்தத் தொல்லையை வேண்டுமென்றே வரவழைப்பதுதான் இதன் நுட்பம்.

தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஆனால் கறாரான காவல். நிக்கோட்டின் போன்ற குட்டி மூலக்கூறுகள் நுழைந்துவிடும்; பெரியவை நுழையாது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத நுண்ணூசி இதைத் துளைத்துவிடும். ஆழமாக இறங்காததால் பெரிதாக வலிப்பதில்லை.

சரி, மருந்து ஒரு மாதம் நீடிக்க வேண்டுமென்றால்? ஊசியையே மெதுவாகக் கரையும் பொருளில் வார்க்கலாம். அறுவை சிகிச்சையில் தானே கரையும் தையல் நூல் இருக்கிறதல்லவா, அதே வகை பாலிமர்தான். உடலின் நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் உடைக்க, உள்ளிருக்கும் மருந்து கசிந்துகொண்டே இருக்கும். ஆனால் மாதம் முழுக்க யார் பேட்சை ஒட்டிக்கொண்டு குளிப்பது? ஊசி உள்ளே தங்க வேண்டும், பேட்ச் வெளியே வர வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் பிராஸ்னிட்ஸ் குழு இதற்கு 2019இல் இரண்டு வழிகளைக் காட்டியது. முதல் வழியில் ஒவ்வோர் ஊசியின் அடியிலும் ஒரு காற்றுக் குமிழி. நேராக அழுத்தினால் ஊசி தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் குமிழி உள்ள இடத்தில் முறியும். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பேட்சின் அடித்தளத்தில் சிட்ரிக் அமிலமும் சோடா உப்பும் இருக்கும். தோலின் ஈரம் பட்டதும், வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் உப்புத்தூள்போல் நுரைத்துப் பொங்கும். ஒரே நிமிடத்தில் பிடி தளர்ந்து ஊசிகள் கழன்றுவிடும்.

உள்ளே வைத்தது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற கருத்தடை ஹார்மோன். எலிகளின் ரத்தத்தில் அதன் அளவு ஒரு மாதத்துக்கு மேல், பலன் தரத் தேவையான அளவுக்குக் கீழே இறங்காமல் நின்றது. பெண்களுக்கு மருந்தில்லாத பேட்சை மட்டும் ஒட்டிப் பார்த்தார்கள். லேசாகச் சிவந்து மறைந்தது.

எல்லா மருந்துக்கும் இது ஒத்துவராது. ஒரு பாராசிட்டமால் மாத்திரையிலேயே 500 மில்லிகிராம் இருக்கிறது. இந்த முட்களுக்குள் அதை எங்கே அடைப்பது? நாளுக்கு மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தாலே போதும் என்கிற ஹார்மோன் போன்றவைதான் சரிப்படும். அப்புறம், கையின் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியை வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். முறிந்த நுண்ணூசியை எடுக்க முடியாது, கரையும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.